இலவசப் படிமங்களும் இரவற் கணனிகளும்

1972ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் அமெரிக்கா விண்ணிற் செலுத்திய லாண்ட்சற் வரிசையின் முதலாவது செய்மதி, புவியின் தரைமேற்பரப்பை ஒழுங்காகவும் தொடர்ச்சியாகவும் படம்பிடிக்கும் பணியைத் தொடக்கிவைத்தது. அன்று முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காடுகளும் வயல்களும் ஆறுகளும் நகரங்களும் அடைந்துவந்த மாற்றங்களின் பதிவேடொன்று வானிலிருந்து எழுதப்பட்டு வருகின்றது. அப்பதிவேட்டை வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது ஒரு வினா. அதனை வாசிக்கும் ஆற்றல் யாரிடம் உண்டு என்பது வேறொரு வினா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்வதே தொலையுணர்வுத் துறையில் இன்று நிலவும் மயக்கங்கள் பலவற்றுக்கும் மூலமாகும். அம்மயக்கத்தைக் களைய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மைக் காலத்தில் மாநாட்டு மேடைகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் ஒரு கூற்று திரும்பத் திரும்ப ஒலிக்கக் கேட்கின்றோம். ‘முகிற் கணிமையின் வருகையினால் புவி அவதானம் சனநாயகமயமாகிவிட்டது, வறிய நாட்டின் மாணவனும் வல்லரசின் விஞ்ஞானியும் இப்போது ஒரே தளத்தில் நிற்கின்றனர்’ என்பதே அக்கூற்று. இதிற் பாதி உண்மை. மறுபாதியை ஆராயாது ஏற்றுக்கொண்டமையால் ஏற்பட்டுவரும் இழப்பு சிறிதன்று.

முதலில் உண்மையான பாதியை நேர்மையுடன் ஏற்றுக்கொள்வோம். லாண்ட்சற் படிமங்கள் எக்காலத்திலும் இலவசமாகக் கிடைத்தவையல்ல. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று பொதுப் பணத்தில் உருவான அச்செய்மதித் திட்டத்தின் விற்பனை உரிமையைத் தனியார் கைக்கு மாற்ற வழிவகுத்தது. அதன் விளைவாக ஒரேயொரு படிமத்தின் விலை 4,000 டொலருக்கும் மேலாக உயர்ந்தது. பல்கலைக்கழகங்கள் பின்வாங்கின, நீண்டகால ஆய்வுகள் தடைப்பட்டன. 1992இல் அச்சட்டம் நீக்கப்பட்டு வேறொரு சட்டம் வந்தது. 1999இல் ஏவப்பட்ட லாண்ட்சற் 7இன் படிமங்கள் ஏறத்தாழ 600 டொலருக்கு விற்கப்பட்டன. 2008இலேயே முழுக் களஞ்சியமும் கட்டணமின்றித் திறந்துவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. விலைக்கு விற்ற காலத்தில், மிகக் கூடுதலாக விற்பனையான ஆண்டிற்கூட ஏறத்தாழ 25,000 படிமங்களே விலைபோயின. விலை நீங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆண்டுதோறும் பெறப்பட்ட படிமங்களின் தொகை பல இலட்சங்களை எட்டியது. விலை என்பது அறிவுக்கு இடப்பட்ட வேலி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கொப்பேர்னிக்கஸ் திட்டமும் இதே வழியைப் பின்பற்றியது. 2014இல் ஏவப்பட்ட சென்ரினல் 1 முகில்களையும் இருளையும் ஊடுருவும் ராடர் செய்மதியாகும். 2015இல் ஏவப்பட்ட சென்ரினல் 2 பத்து மீற்றர் நுணுக்கத்தில் நிலத்தைப் படம்பிடிப்பது. இவற்றின் தரவுகளும் உலகோர் அனைவருக்கும் இலவசம்.

ஆயின், கதவு திறந்ததும் வெள்ளம் புகுந்தது. தரவுகளின் அளவு ஒரு தனியாய்வாளரின் மேசைக் கணனியும் ஒரு துறையின் ஆய்வுகூடமும் தாங்கக்கூடிய எல்லையை மிக விரைவிற் கடந்துவிட்டது. 2025 யூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக அமைத்த நைசார் செய்மதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 டெராபைற் தரவு உருவாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதனைத் தரவிறக்கிப் பின்னர் ஆராய்வோம் என ஒரு பல்கலைக்கழகம் எண்ணுமாயின், அது கடலை இறைத்துவிட்டு மீன்பிடிக்க எண்ணியது போலாகும்.

இந்நிலையிலேதான் முகிற் கணிமை முன்வந்தது. தரவை ஆய்வாளரிடம் கொண்டுசெல்லாது, ஆய்வாளரின் நிரலைத் தரவு இருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்லுதலே அதன் அடிப்படைத் தத்துவம். தொலைவிலுள்ள பெருங் கணனித் தொகுதிகளில் படிமங்கள் ஏலவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் சில வரிகளில் எழுதியனுப்பும் கட்டளையை ஆயிரக்கணக்கான கணனிகள் தம்முட் பங்கிட்டுச் செய்து, விடையை மட்டும் அனுப்பிவைக்கும். 2010 டிசெம்பரில் அறிமுகப்படுத்தப்பட்ட கூகுள் ஏர்த் எஞ்சின் இவ்வகைத் தளங்களுள் மிகவும் பெயர்பெற்றது.

அதன் பயன் அற்பமானதன்று. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ ஹான்சனும் அவர்தம் குழுவினரும் 2013இல் வெளியிட்ட உலகக் காட்டு மாற்ற ஆய்வு, 6,54,178 லாண்ட்சற் படிமங்களைப் பயன்படுத்தி, 2000ஆம் ஆண்டுக்கும் 2012ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகம் இழந்த மரப்பரப்பு ஏறத்தாழ 23 இலட்சம் சதுர கிலோமீற்றர் எனக் கணித்தது. தனியொரு கணனிக்கு 15 ஆண்டுகள் பிடித்திருக்கும் அக்கணிப்பு சில நாட்களில் முடிந்தது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட நிலமேற்பரப்பு நீர் பற்றிய ஆய்வு, 1984 முதல் 2015 வரையான ஏறத்தாழ 30 இலட்சம் படிமங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீற்றர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்துபோனதையும், வேறிடங்களில் 1,84,000 சதுர கிலோமீற்றர் புதிதாகத் தோன்றியதையும் எடுத்துக்காட்டியது. ஒரு தலைமுறைக்கு முன்னர் எந்த ஆய்வாளரும் கற்பனை செய்தும் பார்த்திராத பணிகள் இவை. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

இனி, ஆராயப்படாத மறுபாதிக்கு வருவோம்.

‘முகில்’ என்ற சொல்லே ஒரு மறைப்பு. முகில் எவருக்கும் உடைமையானதன்று, எங்கிருந்தோ வருவது, எல்லார்க்கும் பொழிவது. மழையைப் பொதுமையின் குறியீடாகக் கண்டு பழகிய எமக்கு இச்சொல் இயல்பாகவே இனிக்கின்றது. ஆனால், முகிற் கணிமையின் முகில் வானத்தில் இல்லை. அது நிலத்தின்மீது, மதில்சூழ்ந்த கட்டடங்களுக்குள், பெருந்தொகை மின்சாரத்தையும் குளிரூட்டலையும் வேண்டிநிற்கும் இயந்திரங்களின் தொகுதி. அக்கட்டடத்துக்கு உரிமையாளர் உண்டு, பங்குதாரர் உண்டு, ஆண்டறிக்கை உண்டு, அது எந்நாட்டில் உள்ளதோ அந்நாட்டின் சட்டம் உண்டு. உடைமையுள்ள பொருளொன்றுக்கு உடைமையற்ற பொருளின் பெயரைச் சூட்டியமை வணிக உலகின் சொற்றிறம். அச்சொற்றிறத்தில் மயங்கும் உரிமை பல்கலைக்கழகத்தாருக்கு இல்லை.

செய்மதித் தரவிலிருந்து அறிவு உருவாகும் முறையை மூன்று படிகளாகப் பிரித்து நோக்கலாம். தரவைப் பெறுதல் முதற்படி. அதனைக் கணித்தல் இரண்டாம் படி. கணிப்பின் விடையை நிலத்தோடு பொருத்திப் பொருள்கொள்ளுதல் மூன்றாம் படி. முதற்படியில் இருந்த வேலி 2008இன் பின்னர் பெருமளவில் நீங்கியது. அதே வேளையில் இரண்டாம் படிக்கு ஒரு வாயிலும் வாயிற்காவலரும் தோன்றிவிட்டனர். வாயில் இன்று திறந்திருக்கின்றது என்பதைக் கொண்டு வாயிலே இல்லை என வாதிடுவோர், திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதை மறந்துவிடுகின்றனர்.

சர்வதேசச் சட்டத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஒரு நாட்டின் நிலத்தை அந்நாட்டின் அனுமதியின்றி வானிலிருந்து படம்பிடிக்கலாமா என்ற வாதம் 1970களில் ஐக்கிய நாடுகள் சபையிற் கடுமையாக நிகழ்ந்தது. அர்ஜென்ரீனா, பிரேசில் முதலிய நாடுகள் முன்னனுமதி வேண்டும் என வாதிட்டன. இறுதியில், 1986 டிசெம்பர் 3ஆம் நாள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 41/65ஆம் இலக்கத் தீர்மானம் பதினைந்து கோட்பாடுகளை வகுத்தது. முன்னனுமதிக் கோரிக்கை கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, படம்பிடிக்கப்படும் நாட்டுக்குத் தன் நிலம் பற்றிய மூலத் தரவையும் பதப்படுத்தப்பட்ட தரவையும் பாகுபாடின்றியும் நியாயமான செலவிலும் பெறும் உரிமை பன்னிரண்டாவது கோட்பாட்டில் வழங்கப்பட்டது. ஆராயப்பட்ட தகவல்களுக்கும் அவ்வுரிமை நீண்டது. ஆனால், அத்தரவைக் கணிக்கும் வசதிகளை உடன்படிக்கைகள் மூலம் அமைக்குமாறு அத்தீர்மானம் நாடுகளை ஊக்குவித்ததேயன்றி, அவ்வசதியைப் பெறும் உரிமையை வழங்கவில்லை. 1986இல் அதனை எதிர்பார்த்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், சிறிய நாடுகள் போராடிப் பெற்ற அவ்வுரிமை, கணிக்கும் ஆற்றலின்றிப் பூட்டிய நூலகத்தின் அங்கத்துவ அட்டை போன்றதாகிவிடும் ஆபத்து இன்று தோன்றியுள்ளது.

‘வாயிலைத் திறந்து வைத்திருப்போர் நல்லெண்ணம் உடையவர்கள், வீண் ஐயம் எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். எமது வாதம் எவரது நல்லெண்ணத்தையும் பற்றியதன்று. நிபந்தனைகள் மாறும் இயல்பு பற்றியது. அவ்வியல்புக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் உள்ளன. பொதுப் பணத்தில் உருவான லாண்ட்சற் 1984இல் வணிகமயமானதை மேலே கண்டோம். பத்தாண்டுகளாக இலவசமாயிருந்த அதே படிமங்களுக்கு மீண்டும் கட்டணம் விதிக்கலாமா என 2018இல் அமெரிக்க அரசு ஆராய்ந்தது. ஏர்த் எஞ்சின் தளம் 2022இல் வணிகப் பயன்பாட்டுக்குரிய கட்டணச் சேவையாகவும் விரிந்தது. ஆய்வுக்கும் கல்விக்கும் கட்டணமில்லை என்ற ஏற்பாடு தொடர்ந்தது. எனினும், எது ஆய்வு, எது வணிகம் என்ற எல்லையை வரைபவர் உடைமையாளரேயன்றி ஆய்வாளர் அல்லர். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2020இல் அறிவித்த கோள் கணனித் திட்டத்தில், ஆய்வாளர்கள் கட்டணமின்றிக் கணிப்பு வேலை செய்வதற்கென வழங்கப்பட்டிருந்த களம் 2024இல் மூடப்பட்டது. படிமக் களஞ்சியம் எஞ்சியது. கணிக்கும் இடம் போயிற்று. முதற்படியும் இரண்டாம் படியும் வேறுவேறு என்ற எமது கூற்றுக்கு இதனைவிடப் பொருத்தமான உதாரணம் தேடவேண்டியதில்லை. இம்மாற்றங்களுள் எதுவும் சட்டவிரோதமானதன்று. எதற்கும் எம்மிடம் சம்மதம் கேட்கவேண்டியிருந்ததுமில்லை. சிக்கலின் சாரம் அதுவே.

வல்லரசின் விண்வெளி நிறுவனமும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. தனது புவி அவதானக் களஞ்சியங்களை அமேசன் நிறுவனத்தின் முகிலுக்கு மாற்ற முனைந்த நாசாவின் திட்டத்தை அதன் சொந்தக் கண்காணிப்பு அலுவலகம் 2020 மார்ச்சில் ஆராய்ந்து அறிக்கையிட்டது. அப்போது 32 பெற்றாபைற் அளவில் இருந்த தரவு 2025இல் 247 பெற்றாபைற்றாக வளரும் என மதிப்பிடப்பட்டிருந்தது. தரவு முகிலில் இருக்கும்வரை ஒரு செலவு. பயனாளர் ஒருவர் அதனை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாசாவுக்கு மேலதிக செலவு. இவ்வெளியேற்றச் செலவு போதியளவு கணக்கிற் கொள்ளப்படவில்லை என்றும், செலவைக் கட்டுப்படுத்த வெளியேற்றம் வரையறுக்கப்படுமாயின் தரவு கிடைப்பதே குறையலாம் என்றும் அவ்வறிக்கை எச்சரித்தது. உள்ளே வருவதற்குக் கட்டணமில்லை, வெளியே செல்வதற்குக் கட்டணம் என்ற விந்தையான கொட்டகை இது. அதன் செலவை எண்ணி நாசாவே தயங்கவேண்டியிருக்குமாயின், ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் காத்துக்கிடக்கும் பல்கலைக்கழகத் துறையொன்றின் நிலை யாதாகும்?

பணத்தினும் ஆழமானது அறிவு பற்றிய சிக்கல். முகிலில் ஆயத்தமாகக் கிடைக்கும் உலகப் படங்கள் சில வரைவிலக்கணங்களின்மீது எழுப்பப்பட்டவை. ஹான்சன் குழுவினரின் ஆய்வில் மரம் எனப்படுவது ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த தாவரம். அவ்வாய்வு தன் வரைவிலக்கணத்தை ஒளிக்கவில்லை. குறை அதனை வாசிப்போரிடத்திலேயே உள்ளது. இவ்வரைவிலக்கணத்தின்படி இயற்கை மழைக்காடும் மரம், இறப்பர்த் தோட்டமும் மரம், தென்னந்தோப்பும் மரம், கண்டி மலைச்சாரலின் வீட்டுத் தோட்டத்துப் பலாவும் மரம். பழைய இறப்பர் மரங்களைத் தறித்து மறுநடுகை செய்யும் தோட்டமொன்று ‘காடழிப்பு’ எனத் தோன்றலாம். காட்டை அழித்து நட்ட ஒற்றைப்பயிர் மரத்தோட்டம் ‘காட்டின் மீட்சி’ எனத் தோன்றலாம். இவ்வேறுபாட்டை அறியாத மாணவன் மூன்று வரி நிரல் எழுதி வண்ணப் படமொன்றைப் பெற்று, ‘இலங்கையின் காட்டிழப்பு’ எனத் தலைப்பிட்டு ஆய்வேடு சமர்ப்பிக்கின்றான். கணிப்பிற் பிழையில்லை. சொல்லிற் பிழையுண்டு, அச்சொல்லிலிருந்து பிறக்கும் கொள்கையிலும் பிழை உண்டாகும்.

நீரைப் பற்றிய படங்களும் இதனையே காட்டுகின்றன. லாண்ட்சற் படிமத்தின் ஒரு படத்துணுக்கு நிலத்தில் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. அதாவது 900 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயர் பரப்புள்ள சிறு குளமொன்று பதினொரு படத்துணுக்குகளே. அவற்றுட் பெரும்பாலானவை கரையோரத்தவை. நீரும் சேறும் புல்லும் கலந்தவை. அக்குளத்தைத் தாமரையோ ஆகாயத்தாமரையோ மூடியிருப்பின் செய்மதி காண்பது இலையையே; நீர் இலையின் கீழே மறைந்திருக்கும். வன்னியின் சிறுகுளங்களோ மாரியில் நிறைந்து கோடையில் வற்றுபவை. மாரியில் அவை நிறையும்போது வானம் மூடியிருக்கும். ஒளியைக் கொண்டு படம்பிடிக்கும் செய்மதிக்கு அவை தென்படா. உலகப் படத்தில் ஒரு குளம் இல்லை என்பதனால் ஊரில் அக்குளம் இல்லையென்றாகிவிடுமா? அக்குளத்தை நம்பி விதைக்கும் கமக்காரரிடம் அவ்வாறு சொல்லிப் பார்க்கலாம். நீர்ப்பங்கீடு பற்றியும் நில உரிமை பற்றியும் எழும் பிணக்குகளில் இத்தகைய படங்கள் சான்றாக முன்வைக்கப்படும் காலம் இது. ஆதலின், இப்பிழைகள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல.

இதனோடு தொடர்புடையது மீள்சோதனை என்னும் விஞ்ஞானத்தின் அடிப்படை விதி. ஓர் ஆய்வின் முடிவை வேறொருவர் வேறோரிடத்தில் மீளச் செய்து சரிபார்க்க இயலவேண்டும். ஒரு நிறுவனத்தின் தளத்துக்கென எழுதப்படும் நிரல் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் சேவையகங்களை நோக்கிய வேண்டுகோளாகவே அமைகின்றது. வேண்டுகோள் எம் கையெழுத்தில் உள்ளது. அதனை நிறைவேற்றும் இயந்திரத்தின் உட்கூறு எமக்குத் திறக்கப்படவில்லை. அத்தளம் மாறினால் நிரல் வெறும் எழுத்தாகிவிடும். தளம் நிலைத்திருக்கும்வரை மட்டுமே சரிபார்க்கக்கூடிய முடிவை விஞ்ஞான முடிவு என எவ்வளவு காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்?

இவ்வளவும் கேட்டபின் இரு வகையினர் இருவேறு முடிவுகளுக்கு விரைவர். முதல் வகையினர், ‘எமக்கு வேறு வழியில்லை, பெருங்கணனி வாங்கப் பணமில்லை, கிடைப்பதைப் பயன்படுத்திவிட்டுப் போவோம்’ என்பர். இரண்டாம் வகையினர், ‘இது ஏகாதிபத்தியத்தின் புதிய கருவி, தொடவே கூடாது’ என்பர். முன்னையோர் தேவையைத் தத்துவமாக்குகின்றனர். பின்னையோர் அறியாமையை அறமாக்குகின்றனர். தொடாதிருப்பதால் அக்கருவி மறையப்போவதில்லை. எம் நிலத்தைப் பற்றிய கணிப்புகளை வேறெவரோ செய்வர்; அவற்றைச் சரிபார்க்கும் திறனும் எம்மிடம் இல்லாதொழியும். சரணடைதலுக்கும் துறவுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு என்பதற்கு அநுபவச் சான்றுகள் உள்ளன.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசன் காட்டின் அழிவை ஆண்டுதோறும் தானே கணித்து வருகின்றது. அது 2004இலேயே, அதாவது லாண்ட்சற் திறக்கப்படுவதற்கு முன்னரே, சீனாவுடன் கூட்டாக ஏவிய செய்மதியின் படிமங்களை இலவசமாக்கியது. 2019இல் காடழிவு கூடியுள்ளதென அதன் தரவுகள் காட்டியபோது அந்நாட்டின் அன்றைய சனாதிபதி அவற்றைப் பொய்யெனச் சாடினார். ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில் நிறுவனத்தின் பணிப்பாளர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி நீக்கப்பட்டார். ஆனால், தரவும் முறையும் திறந்திருந்தன. முப்பது ஆண்டுத் தொடர்ச்சி இருந்தது. பயிற்சி பெற்ற உள்நாட்டு அறிஞர் குழு இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான கணக்கும் அழிவின் அதிகரிப்பையே உறுதிசெய்தது. இறுதிக் கணக்கில் அவ்வாண்டின் அழிவு 10,000 சதுர கிலோமீற்றரைத் தாண்டியது. பணிப்பாளரை நீக்க முடிந்தது; எண்ணை நீக்க முடியவில்லை. இரவற் கணனியில் யாரோ வரைந்த படத்தை மட்டும் நம்பியிருந்த நாடாயின், அப்படத்தை அந்நியரின் சூழ்ச்சி எனத் தள்ளிவிடுவது எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்!

அவுஸ்திரேலியா வேறொரு வகையில் வழிகாட்டியது. அந்நாட்டின் புவிவிஞ்ஞான நிறுவனம் தன் லாண்ட்சற் களஞ்சியத்தைத் தேசியப் பெருங்கணனியில் ஒழுங்குபடுத்தி, நாடு முழுவதற்குமான நீர்ப்பரப்பு வரலாற்றைக் கணித்தது. அதற்கென எழுதப்பட்ட மென்பொருள் பின்னர் திறந்த தரவுக் கனசதுரம் என்னும் பெயரில் எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாயிற்று. அதே மென்பொருளின் அடிப்படையில் ஆபிரிக்கக் கண்டம் முழுவதற்குமான திட்டமொன்றும் இயங்குகின்றது. அவ்வாபிரிக்கத் திட்டத்தின் தரவுகள் அமேசன் நிறுவனத்தின் கேப்ரவுண் நிலையத்திலேயே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது, நிரலோ திறந்தது. வாடகை கட்டுப்படியாகாத நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறிடம் செல்லலாம். வாடகைக்குக் குடியிருப்பதும் கொத்தடிமையாயிருப்பதும் ஒன்றல்ல.

இவ்வநுபவங்களின் ஒளியில், எமது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளவேண்டியவை என நான்கினை முன்வைக்கலாம்.

முதலாவது, முகிற்றளங்களைத் தயங்காது பயன்படுத்துக. ஆனால், ஆய்வேடொன்றின் முறையியல் தனியொரு நிறுவனத்தின் தளத்தில் மட்டுமே இயங்கக்கூடியதாக இருப்பதை இறுதி நிலையாக ஏற்றுக்கொள்ளற்க. ஒரு சிறு பரப்புக்கேனும், ஒரு குளத்துக்கேனும், அதே கணிப்பைத் திறந்த மென்பொருளைக் கொண்டு துறையின் சொந்தக் கணனியிற் செய்து காட்டுமாறு மாணவரைப் பணிக்கவேண்டும். இதற்குப் பெருஞ் செலவு தேவையில்லை. முகிலில் நிகழ்ந்தது யாதென மாணவன் அறிந்திருக்கின்றான் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, கள ஆய்வை மீண்டும் அதன் உரிய இடத்தில் அமர்த்தவேண்டும். உலகக் கணிப்புகள் பெருகப் பெருகக் களத்திற் பெறப்படும் உண்மைத் தரவு அருமையாகி வருகின்றது. எந்தக் குளம் எந்த மாதத்தில் வற்றியது, எந்த வயல் எந்தப் போகத்திற் கைவிடப்பட்டது, எந்தப் பற்றைக்காடு முன்னர் சேனையாயிருந்தது என்பவற்றை எந்த முகிலும் அறியாது, ஊரவர் அறிவர். அவ்வறிவைத் திரட்டிப் பேணுவதில் எமக்குள்ள வாய்ப்பு எந்தப் பெரு நிறுவனத்துக்கும் இல்லை. மூன்றாம் படியில் நாமே செல்வந்தர். அச்செல்வத்தை வீணடித்துவிட்டு இரண்டாம் படியின் வறுமையை மட்டும் எண்ணிப் புலம்புவதிற் பயனில்லை.

மூன்றாவது, கணிக்கும் வசதியைப் பொதுவில் அமைத்தல். எமது பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பெருங்கணனி வாங்குவது இயலாதது, வேண்டாததுமாகும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு இந்நாட்டில் ஏலவே உள்ளது. இலங்கைக்குரிய படிமங்களை மட்டும் ஒழுங்குபடுத்தி வைத்துக் கணிக்கும் பொதுநிலையமொன்று, உலகத் தளங்களோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதாகவே அமையும். தீவு சிறியது, அதன் தரவும் அதற்கேற்பவே. வெள்ளமும் மண்சரிவும் நேரும் நாட்களில், எவரது அனுமதிக்கும் ஒதுக்கீட்டுக்கும் காத்திராது கணிக்கும் நிலையம் ஆடம்பரமன்று, உயிர்காக்கும் தேவை.

நான்காவது, இத்துறையின் அடிப்படைகளைத் தமிழிற் கற்பித்தல். கதிர்வீசலின் பௌதிகமும், படத்துணுக்கின் பொருளும், வகைப்படுத்தலின் தருக்கமும், வழுக்களை மதிப்பிடும் முறையும் தாய்மொழியில் தெளிவாக விளங்கிய மாணவன் எந்தத் தளத்தின் எந்த ஆங்கிலப் பொத்தானையும் ஒரு வாரத்திற் பழகிக்கொள்வான். பொத்தான்களை மட்டும் பழகியவனோ தளம் மாறும்போது மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவான். கலைச்சொல் இல்லை என்ற சாட்டு நெடுங்காலமாகவே சொல்லப்படுவது. சொற்கள் வகுப்பறையிற் புழங்குவதனால் நிலைபெறுகின்றன. அகராதியிற் காத்திருப்பதனால் அல்ல.

‘இவையெல்லாம் சிறிய காரியங்கள்; உலகளாவிய நிறுவனங்களின் முன் இவை எம்மாத்திரம்?’ என்ற வினா எழக்கூடும். பேரளவுக் கணிப்பில் நாம் அவர்களோடு போட்டியிடவேண்டும் என்பது எமது கோரிக்கையன்று. எம் நிலத்தைப் பற்றி எவரேனும் ஒரு கணக்கைச் சொல்லும்போது, அது எவ்வாறு பெறப்பட்டது எனக் கேட்கவும், சரியெனில் ஏற்கவும், பிழையெனில் காரணம் காட்டி மறுக்கவும் வல்லவர்களை உருவாக்குதலே பல்கலைக்கழகத்தின் கடன். தரவைப் பெறும் உரிமை 1986இல் கோட்பாடாகவும், 2008இல் நடைமுறையாகவும் கிடைத்தது. அவ்வுரிமையை அறிவாக மாற்றும் ஆற்றலை எவரும் தீர்மானம் நிறைவேற்றி எமக்கு வழங்கப்போவதில்லை. அதனை விரிவுரை மண்டபத்திலும் ஆய்வுகூடத்திலும் குளக்கட்டிலும் நாமே ஈட்டிக்கொள்ளவேண்டும். ஈட்டாதிருப்போமாயின், எம் ஊரின் கணக்கைப் பிறர் எழுத, அதன் அடியிற் கையொப்பமிடுவது மட்டுமே எம் வேலையாகும்.